மேகன் அன்ரியின் அப்பா ஆடாத ஆட்டம்

பூச்சி உருண்டையின் காரமணம் மூக்கில் ஏற, மேகன் அன்ரி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பழுப்பேறிய பத்திரிகைத் துண்டொன்றை எங்கள் முன் விரித்தார். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த அவர், ஜெர்மன்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வேல்ஸிலிருந்து வந்தவர்; அப்போது எழுபதைக் கடந்த விதவை. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச ஒரு "றெஃபராற்" தந்திருந்தார்கள். தன் அப்பாவைப் பற்றிச் சொல்வதாக அன்ரி கூப்பிட்டிருந்தார். துணைக்கு அம்மாவும் வந்திருந்தார்.

அன்ரியின் அப்பா பன்னிரண்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். கிழமை முழுக்கக் கரி வெட்டிவிட்டு, சனி பின்னேரங்களில் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்காக இடது ஓரத்தில் பந்தோடு ஓடுவாராம். முதலாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன், வேல்ஸ் நாட்டு அணிக்கே அவரைத் தெரிவுசெய்தார்கள். அந்தத் துண்டில் இருந்த பதினொரு பெயர்களில் கடைசி அவருடையது. ஆட்டத்துக்குப் புறப்பட்டு, இருந்த ஒரே நல்ல கோட்டோடு அவர் ரயிலுக்குக் காத்து நின்ற காலையில் சுரங்கம் வெடித்தது. தம்பி உள்ளே. அவர் கோட்டைக் கழற்றி நிலைய வாங்குப் பலகையில் போட்டுவிட்டுச் சுரங்கத்துக்கு ஓடினார்.

நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"அந்தத் தம்பி பிழைச்சவரோ எண்டு கேள், பிள்ளை."

அம்மாவின் தம்பியான எங்கள் சின்ன மாமா வன்னிப் போரில் காணாமற்போய் அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் யாரும் அதைக் கதைப்பதில்லை.

தம்பி பிழைத்திருந்தார். அவரை வெளியே தள்ளிவிட்ட பிறகு சரிந்த கல்தான் அண்ணனின் இடக்காலை நசுக்கியது. பிறகு அவர் ஆடவேயில்லை. கடைசிவரை ஊர்த் திடலில் வெள்ளைக்கோடு போடுகிறவராக இருந்தார். தம்பி எண்பது வயதுவரை வாழ்ந்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்து, கோடு வளைந்திருக்கிறதென்று அண்ணனைப் "பகிடி" பண்ணுவாராம். அதைக் கேட்டு அம்மா சிரித்தார். சிரித்தபடியே புறங்கையால் முகத்தைத் துடைத்தார். மேகன் அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பில் நான் பேசி முடித்ததும், நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினார் என்று ஒருவன் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

இன்று மேகன் அன்ரி இல்லை. நாங்கள் இருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். சின்ன மாமாவைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. போன வருடம் இணையத்தில், வேல்ஸுக்கு ஆடியவர்களின் பட்டியலைத் தேடி எடுத்தேன். அன்ரியின் அப்பா அதில் இல்லை. மனம் பொறுக்காமல் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "ஆட்டத்துக்குப் போனவையின்ர பேர்தானே அதிலை இருக்கும், பிள்ளை. அவர் தம்பியிட்டையெல்லோ போனவர்."