உறைபோட்ட நாரை நோட்டுகள்

தெருவில் அவரைப் பளபளா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. வரி வசூலிக்க வருபவரைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை. நகல் எடுப்பதும் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவதும் அவர் தொழில். நகல் எடுப்பது வயிற்றுக்கு, உறை போடுவது மனதுக்கு. சூடான உருளைகளுக்கு நடுவே கசங்கலாக நுழைந்த தாள் மறுபக்கம் விறைப்பாக, மினுமினுப்பாக வெளியே வரும்போது, பிள்ளைக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பும் தகப்பன் மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். "இனிமே இதுக்கு மழையும் கிடையாது, கரையானும் கிடையாது" என்று சொல்லித்தான் வாடிக்கையாளர் கையில் கொடுப்பார்.

கெட்ட பழக்கம் ஒன்றுமில்லாத மாப்பிள்ளை என்று மாமியார் வீட்டில் முதலில் பெருமைப்பட்டார்கள். பிறகுதான் இந்தப் பழக்கம் தெரியவந்தது. மாமியாரின் மருந்துச் சீட்டுக்கு ஆசையாக உறை போட்டுக் கொடுத்தார். அடுத்த முறை டாக்டர் அதில் ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதப் பார்க்க, பேனா வழுக்கிக்கொண்டு மேசைக்குப் போய்விட்டது. மைத்துனர் வீடு கட்டியபோது வரைபடத்துக்கு உறை போட்டார். மடிக்கவும் முடியாமல் சுருட்டவும் முடியாமல் அது இன்றைக்கும் அவர்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

"நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் உருளைக்குள்ள விட்டு எடுத்துடுவாரு" என்பாள் அவர் மனைவி.

"உன்னை விட்டா உருளைதான் உடையும்" என்பார் அவர், அவள் காதுக்கு எட்டாத தூரம் போன பிறகு.

தொழிலில் அவருக்கு ஒரு வீறாப்பு உண்டு. "நான் ஒட்டினதை எமன் வந்தாலும் பிரிக்க முடியாது" என்பதைத் தேவைக்குமேல் சத்தமாகவே சொல்வார். எதிர்க்கடைக்குக் கேட்க வேண்டுமே. எதிர்க்கடைக்காரருக்கும் அதே தொழில்தான். ஆனால் அவர் உறை போட்டால் நடுவில் காற்றுக் குமிழி எழும்பும். ஒரு மழைக்காலம் போனால் ஓரம் வாயைப் பிளக்கும். தெரு அவருக்கும் பெயர் வைக்கத் தவறவில்லை. குமிழி.

இனி நாரை நோட்டுக் கதைக்கு வர வேண்டும். வடக்கு மாகாணம் தனியாக இருந்த காலத்தில் அதற்கென்று ஒரு வங்கி இருந்தது. அந்த வங்கி அச்சடித்த நோட்டில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நிற்கும். மாகாணம் நாட்டோடு சேர்ந்த பிறகு கொஞ்ச காலம் இரண்டு நோட்டும் கலந்து புழங்கின. பிறகு, நாரை நோட்டைக் கடைக்காரர்கள் வாங்க வேண்டிய கட்டாயமில்லை என்று சட்டம் வந்தது. அதனால் நோட்டு செத்துப்போய்விடவில்லை. மத்திய வங்கியின் கிளைக்குக் கொண்டுபோனால் அதே மதிப்புக்குப் புது நோட்டுத் தருவார்கள். காலமெல்லாம் தருவார்கள் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான், மாதக் கடைசியோடு மாற்றிக் கொடுப்பது நிற்கும் என்று அறிவிப்பு வந்தது.

பளபளாவின் மனைவி வடக்கே ஒரு பொத்தான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு முன் அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சம்பளம் அத்தனையும் நாரை நோட்டு. கல்யாணமாகி வந்த புதிதில் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, "இது என் காசு. பத்திரமா வைங்க" என்று அவரிடம் கொடுத்தாள். பத்திரமாக வைப்பது என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். புது மனைவி, முதல் தடவையாக ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறாள். இருப்பதிலேயே தடிமனான உறையாகப் பார்த்து, ஒவ்வொரு நோட்டாக உருளைக்குள் விட்டு எடுத்தார். டப்பாவை அலமாரி உச்சியில் ஏற்றினார். அதோடு மறந்தும்போனார்.

அறிவிப்பு வந்த வாரம், சாப்பிட உட்கார்ந்தவரிடம் அவள் சொன்னாள்: "மேலத் தெருத் தையல்காரர் கடையைக் காலி பண்றாரு. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கற மிஷினை விக்கறாராம். மாசக் கடைசிவரைக்கும் எனக்காக வச்சிருக்கேன்னு சொல்லிட்டாரு. நம்ம கடையில போட்டுக்கலாம். அந்த டப்பாக் காசை நாளைக்கு மாத்திட்டு வந்துடுங்க."

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"என்னங்க, உப்புக் கூடிப்போச்சா?"

"இல்ல இல்ல, சரியா இருக்கு."

அன்று உப்பே போட மறந்திருந்தாள். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் வங்கிக் கிளையில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால், மூக்கு நுனியில் கண்ணாடியை நிறுத்திய ஓர் அதிகாரி அம்மா. பளபளா நீட்டிய கட்டு மேசையில் விழுந்தபோது ஓடு விழுந்த மாதிரி சத்தம் கேட்டது. அந்த அம்மா ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

"இது என்ன சார், ஓட்டல் விலைப்பட்டியலா?"

"நோட்டுதாங்க. பத்திரத்துக்காக..."

"நோட்டை நாங்க தொட்டுப் பார்க்கணும். நிஜத் தாளான்னு விரலுக்குத் தெரியணும். பிளாஸ்டிக்கைத் தடவி நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? உறையை எடுத்துட்டு வாங்க. பாதிக்கு மேல நோட்டும் எண்ணும் இருந்தா முழுசாத் தருவோம். குறைஞ்சா பாதிதான். எண்ணே இல்லைன்னா ஒண்ணும் இல்ல."

"எடுக்க வராதுங்களே."

"ஏன் வராது?"

"நான் போட்டதுங்க" என்றார். அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. வரிசையில் பின்னால் நின்றவர் தும்முவது மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

வீட்டில் "வங்கியில கூட்டம்" என்று சொல்லிவைத்தார். அது பொய் இல்லை. கடைக்குப் போய்க் கத்தியால் ஓரத்தைக் கீறிப் பார்த்தார், ஆவியில் காட்டினார், வெந்நீரில் போட்டார். நோட்டு உள்ளே சுகமாக இருந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் உறை பிரிந்தது, நாரையின் தலையையும் எண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு. ஒற்றைக் காலும் வயிறுமாக மீதி நாரை மேசையில் கிடந்தது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வேலை இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கினார்.

அடுத்த சில நாட்கள் அவர் எதிர்க்கடையைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார். மாதம் முடிந்துகொண்டு வந்தது. ஒரு மத்தியானம் தெருவைக் கடந்தே விட்டார்.

குமிழி தலை நிமிர்த்தாமல் கேட்டார், "என்ன அண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?"

"ஒரு சந்தேகம். உன்கிட்ட... வந்து... ஒட்டினது பிரியுதுல்ல. எப்படிப் பிரியுது?"

"இதைச் சொல்லிக் காட்டத்தான் ரோட்டைத் தாண்டி வந்தீங்களா?"

"சொல்லிக் காட்டலப்பா. நிஜமாவே கேக்கறேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார்.

குமிழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"சரி, ஞாயித்துக்கிழமை கடையைப் பாதி சாத்தி வைங்க. வர்றேன். எமனால முடியாதது என்னால முடியுதான்னு பார்ப்போம்."

வந்தார். அவர் வித்தை எளிமையானது. உறையை மறுபடியும் உருளைக்குள் விட்டுச் சூடேற்ற வேண்டும். சூடு ஆறுமுன் நோட்டை மேசையோடு அழுத்திப் பிடித்து, பிளாஸ்டிக்கை மேலே தூக்காமல், வாழைப்பழத் தோல் மாதிரி பின்பக்கமாக மடித்து இழுக்க வேண்டும். "தாளை இழுக்காதீங்க அண்ணே, பிளாஸ்டிக்கை இழுங்க. என் வாடிக்கைக்காரங்க கொண்டுவந்து சண்டை போட்ட ஒவ்வொண்ணையும் பிரிச்சு மறுபடி ஒட்டிக் கத்துக்கிட்டது. அனுபவம்." முதல் நோட்டு முழுசாக வெளியே வந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் போயிருந்தது. பளபளா வாய்விட்டுப் பாராட்டவில்லை; ஆனால் தன் நாற்காலியைக் குமிழிக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார்.

பாதி சாத்திய கதவுக்கு அடியில் ஒரு சாப்பாட்டுக் கூடை தெரிந்தது. பிறகு அதைப் பிடித்த கை. பிறகு குனிந்து உள்ளே வந்த மனைவி. மேசையில் ஒரு பக்கம் பளபளத்த நோட்டுகள், ஒரு பக்கம் உறை உரிந்து நிறம் மங்கிய நோட்டுகள், நடுவில் பிளாஸ்டிக் குவியல். அவள் கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என் காசா இது?"

உருளை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து... பத்திரமா வைக்கச் சொன்னியே."

"வச்சதுக்கு நான் கோவிச்சுக்கல. உங்க கையில கொடுத்தேன் பாருங்க, அந்தப் புத்தி என்னுது. ஆனா ஏங்க, எதிரி வீட்டுக்குத் தெரியற விஷயம் எனக்குத் தெரியக் கூடாதா? உப்பில்லாச் சோத்தை வாயைத் திறக்காம தின்னப்பவே நினைச்சேன்."

"அண்ணி, எதிரின்னெல்லாம்..." என்று குமிழி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க தம்பி. வேலை தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இங்க இருக்கீங்க."

அந்த ஒரு வார்த்தை பளபளாவை எங்கே தைத்தது என்று அவர் முகமே சொன்னது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் குரல் தணிந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வருடக்கணக்காகப் பொத்தான் பொறுக்கிய விரல்கள். ஓரத்தை நகத்தால் நெம்பி எடுப்பதில் அவள் இரண்டு ஆண்களையும் மிஞ்சினாள். "சூடா இருக்கு, பார்த்து" என்று அவர் ஒவ்வொரு நோட்டுக்கும் சொன்னார். "தெரியுது" என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

கெடு முடிவதற்குள் இருவருமாக வங்கிக்குப் போனார்கள். வரிசையில் ஒரு பெரியவர், கடையில் செல்லாத நோட்டுக்கு வங்கி எதற்குக் காசு தர வேண்டும் என்று வாதம் செய்துகொண்டிருந்தார். "செல்லாதுதாங்க, ஆனா மதிப்பு இருக்காம்" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் மாதிரி." பளபளா கூரையைப் பார்த்தார்.

அதிகாரி அம்மா ஒவ்வொன்றாக விரலால் தடவி, விளக்கில் பிடித்து, எண்ணைப் படித்தார். பெரும்பாலானவற்றுக்கு முழு மதிப்பு. சிலவற்றுக்குப் பாதி. தலை போன நாரைக்கு ஒன்றுமில்லை. கையில் வந்தது மிஷின் விலைக்குக் கொஞ்சம் குறைந்தது.

"மீதியை நான் போடறேன்" என்றார் பளபளா, வெளியே வந்ததும்.

"வேண்டாம். என் மிஷின், என் காசுலதான் வரும். நீங்க என்கூட வந்தா போதும். வந்து வாசல்லயே நில்லுங்க. உங்க முகத்தைப் பார்த்தாலே தையல்காரர் விலையை ஏத்திடுவாரு."

அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே பேச்சு ஏறுவதும் இறங்குவதுமாகக் கேட்டது. மிதிகட்டை ஆடுகிறது என்றாள். பெல்ட் தேய்ந்திருக்கிறது என்றாள். இதைவிட நல்ல மிஷினைத் தொழிற்சாலையில் எடைக்குப் போடுவார்கள் என்றாள். கடைசியில் தையல்காரர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எப்படிங்க சமாளிக்கிறீங்க?" என்று அவரைக் கேட்டார்.

"வாசல்ல நின்னுதான்" என்றார் அவர்.

மிஷின் கடைக்கு வந்தபோது இன்னொரு சிக்கல். காஜா வேலைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கடையில் வெளிச்சம் விழும் இடம் ஒன்றுதான், ஜன்னலோரம். அங்கே அவருடைய மேசையும் உருளையும் வேர் விட்டிருந்தன. அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவள் வந்து பார்த்தபோது ஜன்னலோரம் பெருக்கித் துடைத்துக் காலியாக இருந்தது. உருளை கடையின் கோடியில், குழல் விளக்கு விட்டு விட்டு எரியும் இருட்டு மூலைக்குப் போயிருந்தது. அவர் அங்கே உட்கார்ந்து ஏதோ தாளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"கண்ணு கெட்டுடும்ங்க."

"உருளைக்கு எதுக்கும்மா வெளிச்சம்? உன் வேலையைப் பாரு."

இருந்தவரைக்கும் அந்த மூலையில்தான் இருந்தார். கடைக்கு வருபவர்கள் ஜன்னலோரம் இருப்பவளிடம்தான் முதலில் கேட்பார்கள், அண்ணன் இல்லையா என்று. "உள்ள இருக்காரு, சத்தமாக் கூப்பிடுங்க" என்பாள், கையை நிறுத்தாமல்.

இப்போதும் விவரம் தெரியாத யாராவது வந்து கேட்கிறார்கள். அவள் மிஷினை நிறுத்தி, உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்கிறாள்.