வெம்பக்கோட்டைப் பாய்மரங்களும் சுவரில் விழுந்த தடங்களும்

‘சென்ற வாரம்’ என்று எழுதினால் பிழையாகும். நான் சென்றது ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. சிவகாசி அச்சகத்தார் சிலர் வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தில் பாய்மரப் படகு பழகுகிறார்கள் என்று நண்பர் சொன்னதை நம்பாமல்தான் புறப்பட்டேன்.

விருதுநகரில் பேருந்து காலை 6.10க்கு, சிவகாசி 7.05க்கு. அங்கிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ 350 ரூபாய். ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இங்கன தண்ணி நிக்கிறதே அதிசயம். இதுல கப்பல் பாக்க வேற வாரீகளா?”

நான்கு சிறு படகுகள், ஆளுக்கு ஒன்று; உதவிக்கு மோட்டார் படகில் ஒரு பயிற்சியாளர். நீரில் நிறுத்திய மூன்று மிதவைகளையும் இடப்பக்கம் விட்டுச் சுற்றித் திரும்ப வேண்டும்; ஒன்று தவறினாலும் செல்லாது. முதலில் வருபவருக்குத் தூத்துக்குடிப் போட்டியில் இடம், இருப்பது ஒன்றே. ஆஃப்செட் இயந்திரம் ஓட்டும் கண்ணன் முதலில் கரையேறினார். சென்ற ஆண்டு காலண்டர் சீசனால் போக முடியாமற்போனவராம். அச்சுத் தகடு செய்யும் பிளேட் பிரிவில் பணிபுரியும் ஜெயந்தி அரை நிமிடம் பின்தங்கினார்.

பகல் 2 மணிக்கு அச்சகச் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். ஒவ்வொருவருடைய கைப்பேசியும் படகு சென்ற பாதையைப் பதிந்து வைத்திருக்கிறது. அவற்றைப் புரொஜெக்டர் மூலம் சுவரில் வண்ணக் கோடுகளாக விழச்செய்து, அவரவர் தவறை அவரவரே முதலில் சொல்வது இவர்கள் வழக்கம். படகைக் கவிழ்த்தவரின் தடத்தை முறுக்கு என்று கேலி செய்தார்கள். காற்று மாறியது தெரியாமல் தாமதமாகத் திரும்பியதை ஜெயந்தி ஒப்புக்கொண்டார்.

அடுத்து கண்ணன். மூன்றாம் மிதவையில் அவருடைய நீலக்கோடு தவறான பக்கமாகச் சென்றிருந்தது. அந்நேரம் பயிற்சியாளர் கவிழ்ந்த படகை நிமிர்த்திக்கொண்டிருந்ததால் எவரும் கவனிக்கவில்லை.

ஜெயந்திதான் முதலில் பேசினார். “போனு நாலஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும்ணே. அத எடுத்துக்காதீக.”

கண்ணன் எழுந்து நான்கு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். அச்சில் வண்ணங்கள் விலகாமல் விழுகின்றனவா என்று பார்ப்பதும் இப்படித்தானாம்; அந்தப் பொருத்தத்துக்கு ‘ரிஜிஸ்டர்’ என்று பெயர். புறப்பட்டபோதும் திரும்பியபோதும், படித்துறையில் நான்கும் பிசகின்றி ஒன்றின.

“கரையில ரிஜிஸ்டர் சரியா உக்காந்திருக்கு. அங்கன மட்டும் எப்படித் தாயி வெலகும்? நான்தான் தப்பாச் சுத்திட்டேன். தூத்துக்குடிக்கு நீ கெளம்பு.”

ஜெயந்தி நன்றி சொல்லவில்லை. “அப்ப என் திருப்பத்த இன்னொரு தடவ போடுங்கண்ணே” என்றார். அவர் எந்த இடத்தில் அரை நிமிடத்தை இழந்தார் என்பதை, அதே அரை நிமிடத்தால் முந்தி வந்த கண்ணன் 3.20 வரை விளக்கினார்.

போக விரும்புவோர் மழைக்காலம் முடிந்தபின் செல்க. தொப்பியும் குடிநீரும் அவசியம். படகோட்டம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடாதீர்கள்; சாப்பாட்டு அறைச் சுவரையும் பாருங்கள். மூன்றாம் மிதவை கரையிலிருந்து தெரியாது.