இம்மானுவேல் தைத்த துரைசானிகள்

சின்னமனூர் மார்க்கெட் தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கும் ஓர் உரக்கடைக்கும் நடுவே ஒன்பதடி அகலத்தில் இருக்கிறது இம்மானுவேலின் தையல் கடை. வயது ஐம்பத்தாறு. லேடீஸ் டெய்லர். அளவு ரவிக்கையைக் கையில் வாங்கியதுமே, முன்னால் தைத்தவன் அதில் செய்துவைத்த தப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். கேட்டு நிற்கும் பெண்ணுக்கு ஏதோ தானே குற்றம் செய்தது போல முகம் சுருங்கிவிடும். அப்படியும் அவரிடம்தான் வருவார்கள். அக்குளில் இழுக்காத ரவிக்கை இந்தத் தாலுகாவில் வேறெங்கும் கிடைக்காது.

2017இல் உத்தமபாளையத்திலிருந்து விஜி டீச்சர் ஒரு துணிப் பொம்மையை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா மேகமலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். கடைசி வெள்ளைக்கார மேனேஜர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, அந்த வீட்டு அம்மாள் கொடுத்துவிட்டுப் போன பொம்மையாம். எலி ஒரு கையைக் கடித்துக் குதறியிருந்தது. தேனியில் இரண்டு டெய்லர்களிடம் காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இம்மானுவேல் சிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வரச்சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பொம்மையின் உடுப்புகளைத் தனித்தனியாகக் கழற்றி வரிசையாகப் பரப்பியிருந்தார். முழங்கால்வரை தொங்கும் உள்கால்சட்டை, அதற்குமேல் இரண்டு உள்பாவாடை, மேல்சட்டை, கவுன், அதன்மேல் நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் முன்துணி, குல்லாய். ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கேயும் ஒரு பிசிறு வெளியே தெரியவில்லை.

"ஏ முத்துராஜா, இங்கன பாரு. யாரும் திருப்பிப் பாக்காத எடத்துல இப்படித் தச்சிருக்கா ஒருத்தி. நூறு வருசத்துக்கு முன்னாடி, மிசினே இல்லாம."

எனக்குப் பொம்மைக்கு உள்கால்சட்டை போட்டிருந்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

டீச்சரின் பொம்மையைச் சரிசெய்து கொடுத்த பிறகு, அதேபோல ஒன்றைத் தானே செய்ய உட்கார்ந்தார் இம்மானுவேல். லாங்கிளாத் என்கிற வெள்ளைப் பருத்தித் துணியைக் கஞ்சி போக வேகவைத்து, டீத்தூள் டிக்காஷனில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்தார். பழுப்பு ஏறிய துணியாகிவிட்டது. உள்ளே அடைக்க போடியிலிருந்து இலவம்பஞ்சு வந்தது. தையல் எல்லாம் கைத்தையல். முகம்தான் அவருக்கு அடங்கவில்லை. துணியில் கஞ்சி தடவி, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் ஆயில் பெயிண்டில் கண்ணும் வாயும் எழுத வேண்டும். பதினோரு முகம் பாழாயிற்று. பன்னிரண்டாவது முகம் நம்மைப் பார்த்து, இவன் யார் என்று யோசிப்பதுபோல இருந்தது. அதை வைத்துக்கொண்டார்.

ஊர் என்ன செய்யும்? ஒருத்தன் ஒழுங்காக ஒரு காரியம் செய்தால் அதைத் தாங்க முடியாத ஊர் இது. குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்தவனை அண்ணே என்று கூப்பிட்டுத் தூக்கிவிடுவார்கள். பொம்மை தைத்தவனை, ஆம்பளை உள்பாவாடை தைக்கிறான் என்று டீக்கடையில் உட்கார்ந்து ஆறு மாதம் பேசினார்கள். பேசினார்கள் என்கிறேன், நானும்தான் பேசினேன். அந்தக் கதைக்குக் கையும் காலும் வைத்து நடித்துக்காட்டியதே நான்தான். இதை எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் அதைவிடக் கேவலம்.

இம்மானுவேல் இதையெல்லாம் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. படங்களைத் தேடித் தேடி 1860இல் போட்ட கவுன், 1890இல் போட்ட கவுன் என்று வித்தியாசம் கண்டுபிடித்தார். எந்த வருஷத்துக்கு எந்தக் கை, எந்த இடத்தில் எத்தனை மடிப்பு என்று மனப்பாடமாகச் சொல்லுவார். ஒரு காலத்து உடுப்பில் அடுத்த காலத்துப் பொத்தான் ஏறிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். ஒவ்வொரு பொம்மைக்கும் உள்பாவாடையின் இடுப்புப் பட்டியில் சிவப்பு நூலால் தன் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் தைத்துவிடுவார். பழசு மாதிரி செய்கிறேன், பழசு என்று சொல்லி யாரையும் ஏமாற்றவில்லை என்பது அவர் கணக்கு.

இங்கேதான் சூரியபிரகாஷ் வருகிறார். தேனியில் சிமெண்ட் ஏஜென்சி, அப்புறம் பிளாட், அப்புறம் மேகமலை போகும் ரோட்டில் ஒரு ரிசார்ட். ஓட்டுக்கூரை, மரத்தூண், பிரம்பு நாற்காலி என்று வெள்ளைக்காரன் பங்களா மாதிரியே கட்டியிருந்தார். கேட்டில் '1894 முதல்' என்று பித்தளைப் பலகை. அந்தக் கட்டடத்தின் பிளானை என் கடையில்தான் நகல் எடுத்தார்கள், 2018இல். ஏன் 1894 என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். முதலாளியோட கார் நம்பர் அது என்றார். ராசியான நம்பராம்.

சூரியபிரகாஷ் கடைக்கு வந்து ஆறு பொம்மைகளை வாங்கினார். நல்ல விலைதான் கொடுத்தார், அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு பொம்மையின் பாவாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரு எதுக்குப்பா உள்ள?" என்றார்.

"தச்சவன் பேரு சார்."

சூரியபிரகாஷ் பல் தெரியச் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து அவர் ஆபீசிலிருந்து எனக்கு வாட்ஸப்பில் சில வரிகள் வந்தன. பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து தர வேண்டுமாம். துரையின் ஒரே மகள் எமிலி ஒன்பது வயதில் மலைக்காய்ச்சலில் இறந்தாள், இவை அவள் விளையாடிய பொம்மைகள், 1896. எழுத்துப்பிழை பார்த்து நானே திருத்திக் கொடுத்தேன். எந்தப் பொம்மைகள் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். உண்மை என்னவென்றால், யோசிக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

அதன்பிறகு மலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எமிலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பிறக்கவே பிறக்காத ஒரு குழந்தைக்காகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதார்களாம். அதே மலையில் காய்ச்சலில் செத்த கூலிக்காரர் பிள்ளைகளுக்கு இவர்களில் ஒருவரும் ஒரு சொட்டு விட்டிருக்க மாட்டார்கள். அழுதவர்களில் வசதியானவர்களுக்கு, வேண்டாவெறுப்பாகக் கொடுப்பதுபோல நடித்து ஒன்றிரண்டு பொம்மைகளை விற்றும் விட்டார் சூரியபிரகாஷ்.

2023 ஜனவரியில் ஒரு காலைப்பொழுது. சென்னை நம்பர் போட்ட கார் ஒன்று எங்கள் கடைகளுக்கு முன்னால் நின்றது. இறங்கியவர் அபிதா. சென்னையில் ஒரு ஃபேஷன் காலேஜில் பழங்கால உடைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். கையில் ஓர் அட்டைப்பெட்டி. ரிசார்ட்டில் வாங்கிய பொம்மையின் தோளில் தையல் விட்டிருந்தது. சூரியபிரகாஷ் ஊரில் இல்லை. வரவேற்பில் இருந்த பையன் விவரம் தெரியாமல், கீழே சின்னமனூரில் நல்ல டெய்லர் இருக்கிறார் என்று கைகாட்டி விட்டிருக்கிறான்.

"கையைக் கழுவிட்டு வந்து தொடுங்க. நூத்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன பொருள்" என்றார் அபிதா. இம்மானுவேல் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அவருடைய கை அப்படியே நின்றது.

"மேடம், இது நான் தச்சது."

அபிதாவுக்குக் கோபம்கூட வரவில்லை. பாவப்பட்ட ஒருவனிடம் பேசுவதுபோலப் பேசினார். இருபது வருஷமாக இதைத்தான் படிக்கிறேன், இந்தக் கைத்தையலை இன்றைக்கு யாரும் தைப்பதில்லை, அதுவும் இந்த மாதிரி ஊரில் தைக்க வாய்ப்பே இல்லை என்று சொன்னார். இந்தப் பொம்மையைப் பற்றித் தான் எழுதிய கட்டுரை வெளிவந்திருப்பதாகவும் சொன்னார். அவர் முடிக்கும்வரை இம்மானுவேல் பொறுமையாகக் கேட்டார். பிறகு பொம்மையின் கவுனை நீக்கி, உள்பாவாடையைக் கழற்றி, இடுப்புப் பட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடித்தார்.

சிவப்பு நூலை உருவியிருந்தார்கள். ஊசி போன ஓட்டைகளை யாரால் உருவ முடியும்? வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. இம்மானுவேல், சின்னமனூர், 2019.

அபிதா அதை இரண்டு முறை படித்தார். நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். இருபது வருஷம் படித்தவர் அந்தத் துணியை ஒரே ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"இதை யார்கிட்டயும் சொல்லாம இருக்க முடியுமா?"

மன்னிப்பு கேட்கப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"நானா போய் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மேடம். கேட்டாகன்னா சொல்லுவேன்" என்றார் இம்மானுவேல். தோளைத் தைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. கார் போன பிறகு அந்தப் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "பேர உருவுனவன் கைய வச்சிருக்கான் பாரு, கச்சிதமா. துணி ஒரு எடத்துலயும் கிழியல. நல்ல கை. அத இந்த வேலைக்கு வச்சிருக்கான்." அப்போதுதான் அவர் குரல் நடுங்குவதைக் கேட்டேன். ஆறு மாதம் ஊர் சிரித்தபோது நடுங்காத குரல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் வண்டியில் ரிசார்ட்டுக்குப் போனோம். பொங்கல் விடுமுறைக் கூட்டம். சூரியபிரகாஷ் கோட்டு போட்டு, கையில் ஒரு தடியோடு, பெங்களூரிலிருந்து வந்த குடும்பங்களுக்கு எமிலியின் கடைசி நாட்களை விவரித்துக்கொண்டிருந்தார். இம்மானுவேல் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். கதவைத் திறந்தார். மீதமிருந்த நான்கு பொம்மைகளையும் எடுத்து மேசைமேல் வைத்து, பிரம்பு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஊசியும் சிவப்பு நூலும் வந்தன. இந்த முறை உள்பாவாடையில் இல்லை. முன்துணியின் நடு நெஞ்சில் தைக்க ஆரம்பித்தார்.

சூரியபிரகாஷ் பக்கத்தில் வந்து குனிந்து, "என்னய்யா பண்ற? எந்திரி" என்றார், சத்தம் வெளியே கேட்காமல்.

"பேர விட்டுட்டேன் சார். போட்டுட்டுப் போயிர்றேன்."

விருந்தாளிகள் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியுமா? சூரியபிரகாஷ் அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான்கு பொம்மைகளிலும் பெயர், ஊர், வருஷம். இம்மானுவேல் கடைசி நூலைக் கத்தரித்தபோது பெங்களூர்க்காரர்கள் கைதட்டினார்கள். ரிசார்ட் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று நினைத்திருக்கிறார்கள். ஓர் அம்மாள், எமிலிக்கு இதே மாதிரி பொம்மை பண்ணிக் கொடுத்தது உங்க தாத்தாவா என்று கேட்டார். இல்லை, நான்தான் பண்ணினேன், அந்தப் பிள்ளை கிடையாது என்று இம்மானுவேல் நிதானமாகச் சொன்னார். அதையும் ஒரு ஹாஸ்யம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் எடுத்த படங்களைப் பலரும் போனிலிருந்து நெட்டில் போட்டார்கள். படத்தில் வருஷம் பளிச்சென்று தெரிந்தது. பணம் கொடுத்து வாங்கிய இன்னொருவர் விளக்கம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் எமிலியின் பலகை காணாமல் போயிற்று. அந்த மாதமே சூரியபிரகாஷ் ஆள் அனுப்பினார். வாரம் ஒருநாள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து விருந்தாளிகள் முன்னால் உட்கார்ந்து தைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்ற ஒரு வார்த்தையோடு அனுப்பிவிட்டார் இம்மானுவேல். சூரியபிரகாஷுக்கு இனி பொம்மை கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்தார். படத்தில் ஊர் பெயரைப் பார்த்தவர்கள் நேராகவே ஆர்டர் கொடுக்கத் தொடங்கினார்கள். பழைய டீக்கடைக் கூட்டம் இப்போது வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு வந்து, எங்க இம்மானுவேலு என்று தோளில் கை போடுகிறது. அந்தக் கைகளை அவர் எடுத்துவிடுகிறார்.

போன ஆகஸ்டில் அபிதா மறுபடி வந்தார். அவருடைய கட்டுரை இன்றுவரை ஒரு வரி மாறாமல் அப்படியே இருக்கிறது; நான் தேடிப் பார்த்தேன். இப்போது காலேஜில் பாடம் நடத்த பத்துப் பொம்மைகள் வேண்டுமாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து உடுப்போடு. எதுவும் நடக்காததுபோலப் பேசினார். இம்மானுவேலும் அப்படியே ஆர்டரை எழுதிக்கொண்டார்.

அப்போது மேசையில் ஒரு புதுப் பொம்மை இருந்தது. கறுத்த முகம். தலையிலிருந்து இடுப்புவரை முக்காடாகக் கம்பளி, சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டிய சாக்கு, நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடை. காலில் ஒன்றும் இல்லை. தேயிலை பறிக்கிற பெண். அபிதா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாக்கின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ரொம்ப நல்லா வந்திருக்கு. எந்தக் காலத்து உடுப்பு?" என்று கேட்டு நோட்டைத் திறந்தார்.

"போன வாரத்து உடுப்பு மேடம். மேல எஸ்டேட்டுக்குப் போனீகன்னா இப்பயும் இதே உடுப்புல நிப்பாக."

அபிதா பொம்மையை மேசைமேல் வைத்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை.