செஞ்சாச்சா மேடம்

அந்த அலுவலகத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘செஞ்சாச்சா மேடம்’. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டார்.

அரசு ஊழியர் ஒரு காரியத்தில் இறங்குவதற்கு முன் ‘இது சட்டப்படி சரியா?’ என்று எழுதிக் கேட்டால், பதில் எழுதித் தருவதுதான் அங்கே வேலை. ‘செய்யலாம்’ என்று ஒரு பதில் வாங்கிவிட்டால் பிறகு அந்த விஷயத்தில் அந்த ஊழியரை யாரும் அசைக்க முடியாது. அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? கோர்ட்டில் இருக்கும் விவகாரமா, பதில் கிடையாது. பக்கத்து மேசைக்காரரை மாட்டிவிடக் கேட்கிறாரா, கிடையாது. ‘ஒருவேளை எனக்கு லாட்டரி விழுந்தால்’ என்கிற ரகமா, போய் வாருங்கள். செய்து முடித்துவிட்டு வந்து கேட்டால் கிடையவே கிடையாது. அதனால் யார் வந்தாலும் மேடம் நாற்காலியைக் காட்டிவிட்டு முதலில் கேட்பது இதைத்தான்: “செஞ்சாச்சா, இனிமேதான் செய்யப் போறீங்களா?”

எத்தனை பெரிய மனிதர்கள் இந்தக் கேள்விக்கு எச்சில் விழுங்கியிருக்கிறார்கள்! ஒரு பொறியாளர் தலையைச் சொறிந்துகொண்டு, “பாதி செஞ்சிருக்கேன் மேடம்” என்றார்.

“அப்ப மீதியைப் பத்தி மட்டும் கேளுங்க சார்.”

மேடத்துக்கு ஒரே தம்பி. அரசு கால்நடை மருத்துவர், அக்காவுக்கு உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பி மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள்: “சாயங்காலமானா தீவனக் கம்பெனிக்கு ஓடிடறார் அண்ணி. முகத்தையே பாக்க முடியல.”

தம்பி அக்காவைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான். “அந்தக் கம்பெனியில ஆலோசகரா சேரலாமான்னு உங்க ஆபீஸ்லதான் மனு போட்டிருக்கேன். சொந்தக்காரங்க மனு உங்கிட்ட வராதாமே, நேரா டைரக்டருக்குத்தானாமே? நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்க்கா. வாயைத் திறக்காம இருந்தா போதும்.”

“சேர்ந்தாச்சா?”

“ஆச்சு. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமேடா.”

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதில் வந்துவிட்டால் தம்பி பிழைத்தான். அனுமதியில்லாமல் சேர்ந்தது வெளியே வந்தாலோ வேலையே போய்விடும். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார், பாவம்.

திங்கட்கிழமை டைரக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். “உங்க தம்பி விஷயம் சிக்கலே இல்லம்மா. ‘செய்யலாம்’னு போடறேன்.”

“போடாதீங்க சார். அதுக்கு நாம பதில் சொல்ல முடியாது. செஞ்சாச்சு.”

டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். “உங்க சொந்தத் தம்பியாச்சேம்மா!”

“அதனாலதான் சார் எனக்குத் தெரிஞ்சுது.”

வாயால் சொல்ல எல்லோராலும் முடியும். அந்த அறையில் போய் நின்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்! மனு திரும்பியது. அன்று சாயங்காலமே மேடம் தம்பி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். “நீயெல்லாம் ஒரு அக்காவா?” என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. அவர் ஓரமாக உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

“திட்டி முடிச்சாச்சா? நாளைக்குக் காலையில உங்க மேலதிகாரிகிட்ட நீயாவே போய் உண்மையைச் சொல்லு. தானா வந்து சொன்னா வேலையாவது மிஞ்சும். நானும் வரேன்.”

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அந்த மேலதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ப்யூன் வந்து, “நீங்க எந்த ஆபீஸ்ம்மா?” என்றான். “உள்ள இருக்கானே, அவனோட அக்கா” என்றார்.

வேலை மிஞ்சியது. பதவி உயர்வு போனது, எங்கோ தூரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலும் வந்தது. தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். ஞாயிறு தவறாமல் மேடம் போன் போடுவார், மணி அடித்து அடித்து ஓயும். அழுதுவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பார். ஆனாலும் சொன்னது தப்பு என்று ஒருநாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் மேசைமேல் போன் அடித்தது. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை அவன்.

“அக்கா, இங்க ஒரு பண்ணைக்காரர் லீவு நாள்ல வந்து மாட்டைப் பாத்துட்டுப் போகச் சொல்றார்.”

பழக்கதோஷம், மேடத்தின் வாய் தானாகத் திறந்தது. அதற்குள் அவனே சொல்லிவிட்டான்: “இன்னும் செய்யலக்கா. அதான் கேக்கறேன்.”

“டைரக்டருக்கு மனு போடுடா” என்றார் மேடம். “எங்கிட்ட வராது.”