ஏழு தப்படி ரோடு

கல்லூரியில் நான் தடை ஓட்டக்காரன். வாங்கிய கோப்பைகளைவிட என் தலைக்கனம் பெரிது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாட்கள் அவை. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லாததால் கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலத்துக்கு நண்பர்களோடு நடந்து போனேன். அவர்கள் மரங்களைச் சுற்றிக்கொண்டு வர, நான் மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. நான்காவது மரத்தில் வலது முட்டி போனது. அதோடு ஓட்டமும் போனது.

பிறகு மனை வியாபாரத்துக்கு வந்தேன். வடக்கனந்தல் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையை வாங்கிக் கல் நட்டேன். மனைகளை டேப் பிடித்து அளந்தோம். வாங்குகிறவர்கள் திரும்ப அளந்து பார்ப்பார்களே. ரோட்டை யார் அளக்கப் போகிறார்கள்? அதை நானே நடந்து குறித்தேன். ஓடிய காலத்தில் என் தப்படி ஒன்று மூன்றடி. இருபதடி ரோட்டுக்கு ஏழு தப்படி தாராளம். முட்டி போன கால் முன்போல் எட்டி விழாது என்பது தெரியாமல் இல்லை. ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

தெருத் திருப்பத்தில் இருந்த மனையில் நானே வீடு கட்டிக்கொண்டேன். வருடங்கள் ஓடின. ஊரெல்லாம் முகம் தெரிந்தவன் என்று கவுன்சிலர் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். இதுவும் பந்தயம்தானே என்று இறங்கினேன்.

முதலில் என் தெருவிலேயே ஓட்டுக் கேட்கப் போனேன். கடைசி வீட்டு அம்மா கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து குடியேறியவர். முந்தின வாரம் நான் ஊரில் இல்லாதபோது அவருடைய மருமகளுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் என் வீட்டுத் திருப்பத்தில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார வைத்து மெயின் ரோடு வரை தூக்கிப் போயிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"மலையில டோலி கட்டித் தூக்கினு வந்தோம். ரோடு இருக்குதுன்னுதாங்க இங்க மனை வாங்கினோம். இங்கயும் தூக்கினுதான் போறோம்."

நோட்டீஸை நீட்ட எனக்குக் கை வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. டேப் கொண்டுவரச் சொல்லித் திருப்பத்தை அளந்தேன். பதினேழடி. மீதி மூன்றடி என் வீட்டு முன்னறைக்குள் இருந்தது. ரோட்டைக் காலால் அளந்த கதையை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

முன்னறையை இடிக்க ஆள் வைத்தேன். என் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓட்டுக்காக இடிக்கிறான் என்றார் எதிர்த்து நின்றவர். அது பாதி உண்மைதான்.

சுவர் விழுந்த அன்று அந்த அம்மாவைக் கூப்பிட்டு, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றேன். பழக்க தோஷத்தில் ஒரு தப்படி எடுத்து வைத்துவிட்டேன்.

"நடக்காதீங்க. டேப்ப எடுங்க" என்று சொல்லி, ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார்.