விரலை நீட்டிக்கொண்டு நின்ற நாள்

மூன்று வருடங்களுக்கு முந்தைய கோடை விடுமுறையில், ஜேர்மனியின் வடக்கு ஓரத்திலுள்ள ஃபிளென்ஸ்பேர்க்கிலிருந்து ஒரு பாய்மரப் படகில் புறப்பட்டோம். டோர்ட்மண்டில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிற எனக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் மகளால் வந்தது. கீல் நகரத்தில் படித்து அங்கேயே வேலையும் தேடிக்கொண்டவள், படிக்கிற காலத்திலேயே படகோட்டப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். ஒரு கிழமைக்குப் படகை வாடகைக்கு எடுத்து, நிலத்துக்குள் கடல் நீண்டு கிடக்கும் அந்த ஃபியோர்ட் வழியாக எங்களை டென்மார்க்கின் சின்னத் தீவுகளுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

ஒவ்வொரு வருடமும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தேன். முழங்கால் வலி, லீவு இல்லை, கடல் எனக்கு ஒத்துவராது. உண்மைக் காரணம் என் கணவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு அகதியாகப் படகேறியபோது, என்னோடு வந்த அண்ணன் கடலில் விழுந்து போனார். மாமா சண்டையில் செத்துவிட்டார் என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். சின்னப்பிள்ளைக்கு அது போதும் என்று நினைத்தோம். அவள் வளர்ந்த பிறகு அதைத் திருத்திச் சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கரை ஜேர்மனி, எதிர்க்கரை டென்மார்க், இரண்டிலும் ஒரே மாதிரி மரக்காடு. என் கணவர் துறைமுகத்தில் கட்டிய உயிர்காப்பு ஜாக்கெட்டைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. நித்திரைக்கும் அதோடுதான் போகப்போகிறீர்களோ என்று கேட்டுச் சிரித்தேன். படகு சரிந்தால் அடுப்பும் சேர்ந்து ஆடிச் சமநிலையில் நிற்பதைப் பார்த்து, அதில் புட்டுக்கூட அவித்தேன். இவ்வளவு காலம் வீணாகப் பயந்துவிட்டேன் என்று எனக்கே தோன்றியது.

அடுத்த நாள் காலை, ஃபியோர்ட்டின் வாயைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போகுமுன் ஒரு பயிற்சி செய்ய வேண்டும் என்றாள் மகள். ஆள் கடலில் விழுந்தால் எப்படித் திரும்ப எடுப்பது என்ற பயிற்சி. இங்கே படகேறுகிற எல்லோரும் முதலில் செய்வதுதானாம். துறைமுகச் சுவரில் படகு உரசாமல் இருக்கப் பக்கத்தில் தொங்கவிடும் காற்றடைத்த உருளை ஒன்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கயிற்று வேலை. எனக்கு ஒரே ஒரு வேலை.

“விரலாலை அதைக் காட்டிக்கொண்டே நில்லுங்கோ அம்மா. என்ன நடந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது. மிச்சம் எல்லாம் நாங்கள் பாப்பம்.”

உருளையைக் கடலில் எறிந்தாள். காற்று இருந்ததால் அலையும் கொஞ்சம் இருந்தது. சில நொடிகளில் அது ஓர் அலைக்குப் பின்னால் மறைந்து, திரும்பத் தெரிந்து, திரும்ப மறைந்தது. என் விரல் மட்டும் அந்தத் திசையிலேயே நின்றது. மகள் கடலைப் பார்க்கவேயில்லை. என் கையைப் பார்த்தே சுக்கானைத் திருப்பினாள். படகு வளைந்து வந்து உருளைக்குப் பக்கத்தில் ஓய்ந்து நின்றதும், கொக்கித் தடியால் அதைத் தூக்கி மேலே போட்டாள். ஒரு தேத்தண்ணி ஊற்றுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

நான் கையை நீட்டியபடியே நின்றிருக்கிறேன்.

“கையை இறக்கும். எடுத்தாச்சு,” என்றார் கணவர், மெதுவாக. அவருக்கு விளங்கிவிட்டது.

மன்னாரிலிருந்து வந்த அன்றைக்கும் எங்கள் படகில் விடிந்து வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. எனக்கு இடம் விட்டு விளிம்பில் உட்கார்ந்திருந்த அண்ணனை ஓர் அலை தூக்கிக்கொண்டு போனது. அவருடைய தலை தெரிந்தது. ஒரு கையையும் தூக்கினார். எல்லோரும் கத்தினார்கள், கடவுளைக் கூப்பிட்டார்கள், நாலு பக்கமும் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த அம்மா ஒருவர், “பாக்காதை பிள்ளை” என்று என் முகத்தைத் தன் மடிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இரக்கத்தால் செய்தார். அப்படியான நேரத்தில் பொம்பிளைப் பிள்ளைகளின் கண்ணை மூடுவதுதானே எங்கள் பழக்கம். ஓட்டி படகைத் திருப்பி, எந்தப் பக்கம் என்று கேட்டார். ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். பார்த்தது நான் ஒருத்திதான், என் முகம் மடிக்குள் இருந்தது. நேவி வந்துவிடும் என்ற பயத்தில் ஓட்டி ஒரு வட்டம் சுற்றிவிட்டு நேரே இந்தியாவுக்கு விட்டார்.

இதையெல்லாம் அந்த நேரம்வரை நான் மகளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கையை இறக்கிவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல, விழுகிற ஆள் நீந்தத் தெரிந்தவராக இருந்தால் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று கேட்டேன். அவள் கயிற்றைச் சுருட்டியபடி, பாடம் ஒப்புவிப்பதுபோல் பதில் சொன்னாள்.

“இஞ்சத்தைய தண்ணியிலை கனநேரம் ஏலாது அம்மா, குளிர் கெதியா ஆளை முடிச்சுப்போடும். சூட்டுக் கடலெண்டா நாள் முழுக்கக்கூட மிதக்கலாம்.”

அண்ணன் நல்ல நீச்சல்காரர். எங்கள் கடல் சூட்டுக் கடல். நான் படகின் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பயந்துபோன மகளுக்குக் கணவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். சுருட்டிய கயிற்றை அவிழ்த்துத் திரும்பச் சுருட்டினாள். பிறகு, ஏன் எனக்குப் பொய் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டாள். நீ தாங்கமாட்டாய் என்றுதான் மறைத்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் தலையை அமுக்கிய அந்த அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

திரும்பிப் போவோமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். தீவுகளுக்குப் போனோம். வாசலில் பூமரம் வைத்த சின்ன வீடுகள், ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய படகுகள், அதில் ஸ்ட்ராபெரி சாப்பிட்டுக்கொண்டு கை காட்டிய மனிதர்கள். எல்லாம் வடிவாகத்தான் இருந்திருக்கும், மகள் எடுத்த படங்களில் இருக்கிறது. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அம்மா சாகும்வரை, யாராவது கப்பல்காரர் பிள்ளையைக் கடலிலிருந்து தூக்கியிருப்பார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் ஒதுக்கமாகப் பேசிக்கொண்டோம். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் சரியாக யோசித்திருக்கிறார் என்பதை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

மறந்துவிடு, காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு இது ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. அண்ணனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லித்தான் இத்தனை வருடங்களும் மனதைத் தேற்றி வந்தேன். இப்போது அதைச் சொல்ல முடிவதில்லை; கடல் அவரை வெகுநேரம் மேலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கும், அந்தப் பக்கம் பார்க்கத்தான் எங்களில் ஒருவரும் இருக்கவில்லை.