கழுவாமல் வைத்த தகடு

நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு, சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன இடது கால். இவற்றை வைத்துக்கொண்டு அப்துல் ரஹீம் சீனர் படக்கடையில் பெருக்குகிறவனாகச் சேர்ந்து, இருட்டறைக்குள் நுழைந்து, கேமராவைக் கைப்பற்றினான். அந்தக் காலோடு கொடிமலை உச்சிக்கு ஏறி, ஊரையும் கடலையும் ஒரே படத்தில் அடக்கினான். நாலு பேர் பெண் கேட்டும் கொடுக்காத வீட்டில் சித்தி ஆயிஷா என்னும் பெண்ணைக் கட்டினான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவன் ராத்தா என்று கூப்பிடும் அக்கா ஹபீபா பீவி இதையெல்லாம் வரிசை மாறாமல் சொல்வாள்.

அவன் எடுத்த படங்களில் மட்டும் அவன் பெயர் இருந்ததில்லை. கடைப் பெயர்தான் இருக்கும்.

அந்த ஜனவரியில் மனைவியை ஒரே ஒரு படம் எடுத்தான். கடை ஆண்கள் கண்ணில் தன் முகம் படக் கூடாதென்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சீனப் பெருநாளுக்குக் கடை மூடும்போது தனியாகக் கழுவலாமென்று கண்ணாடித் தகட்டை அதன் பெட்டியிலேயே விட்டுவைத்தான். படம் பிடித்த தகடென்றால் பெட்டி மூடியின் கறுப்புப் பக்கம் வெளியே தெரிய வேண்டும், பிடிக்காததென்றால் வெள்ளை. கறுப்பைக் கண்டால் யாராவது எடுத்துக் கழுவிவிடுவார்கள் என்று வெள்ளையை வெளியே திருப்பி, மூடியின் மூலையில் ஓர் அடையாளம் கீறி, மலைப்படத்துக்கான பெட்டிகளோடு வைத்தான். அந்தப் பெட்டிகளை அவனைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை.

பெருநாளுக்கு முன்பே அவள் பிரசவத்தில் மவுத்தானாள். பிள்ளையும் தங்கவில்லை. கடை மூடியிருந்த நாட்களில் ரஹீம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஹபீபா கஞ்சி வைத்தால் குடித்தான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. அழவுமில்லை.

மார்ச்சில் கடை முதலாளியான சீனத் தவுக்கே மலைப்படம் ஒன்று வேண்டுமென்றார். ஏறினான். மேகம் விலகியதும் கைக்கு வந்த பெட்டியைச் செருகிப் படம் பிடித்தான். மூடியைக் கறுப்புப் பக்கம் திருப்பும்போதுதான், மூலையில் தானே கீறி வைத்திருந்த அடையாளத்தைப் பார்த்தான். அதே தகட்டில் மலைப்படம் அவள் மேலேயே விழுந்திருந்தது.

"கழுவாமலே வச்சிரவா, ராத்தா?" என்று வீட்டில் வந்து கேட்டான்.

"கழுவு. வர்றது வரட்டும். ஒருத்தனையும் உள்ள விடமாட்டேன்."

மறுநாள் காலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருட்டறை வாசலில் ஹபீபா நின்றாள். உள்ளே தங்கமா கழுவுகிறான் என்று தவுக்கே கேலி செய்தார். அவள் நகரவில்லை.

ரஹீம் தகட்டோடு வெளியே வந்தான். முகம் இருந்த இடத்தை வானம் தின்றிருந்தது. கீழே, காட்டின் மேல், மடியில் கோத்த இரண்டு கைகள் மட்டும் தெளிவாக இருந்தன.

"அவ முகம் யாருக்கும் தெரியாது," என்றான் ரஹீம்.

இந்தப் பாழான படத்தில் கடைப் பெயரைப் போடாதே என்றார் தவுக்கே. ரஹீம் ஊசியை எடுத்து, மூலையில் தன் பெயரைக் கீறினான். தேதியையும் கீறச் சொன்னவள் ஹபீபாதான்: 1921 மார்ச் 14, திங்கள்.